நான் ஊரைக் காலி செய்ய வந்த கதை

சென்ற ஆண்டு ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. வானத்தில் மூன்று மேகங்கள் இருந்தன; மூன்றும் எதற்கும் பிரயோஜனமில்லாதவை. கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்து, என் சம்பந்தி கலியமூர்த்தியின் ஊருக்குள் நுழைந்தேன். அந்த ஊர் அப்போது நிம்மதியாக இருந்தது. அப்படி அதைக் கடைசியாகப் பார்த்தவன் நான்தான்.

எனக்கு எழுபத்தொரு வயது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்து நான்கு வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறு புத்தகம் எழுதத் தொடங்கினேன்: மாணவர்களுக்கான மானிடப் புவியியல், இயற்கைப் புவியியல் அடிப்படைகள். நம் பாடங்களில் எப்போதும் எங்கோ இருக்கிற மலையையும் பாலைவனத்தையும்தான் உதாரணம் காட்டுவார்கள். நான் ஒரே ஒரு உள்ளூர்க் கிராமத்தை எடுத்து, அதன் வீடு, மண், கல், மனிதர் எல்லாவற்றையும் எண்ணி எழுதுவதென்று முடிவு செய்தேன். (என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. இது வியாதி என்கிறாள் என் மனைவி சரோஜா.)

என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரையே தேர்ந்தெடுத்தேன். முதல்நாள் போனில் கேட்டதற்கு, "தாராளமா வாங்க சம்பந்தி. மண்ணு பாக்கணும்னா நம்ம கொல்லையிலயே தோண்டிக்குங்க. அடுத்த திங்கக்கெழம அத கிரயம் பண்ணிக் குடுத்துடுவேன், அதுக்குள்ள பாத்துடுங்க" என்றார் கலியமூர்த்தி. அந்தக் கொல்லை அறுபது செண்ட் புன்செய் நிலம். ஆவணியில் நடக்கவிருந்த அவருடைய இளைய மகள் கல்யாணம் முழுவதும் அந்த அறுபது செண்டை நம்பித்தான் இருந்தது. திருமானூரில் உரக்கடை வைத்திருக்கும் ராஜமாணிக்கம் என்பவர் விலை பேசி அட்வான்சும் கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

கையில் ஐம்பது மீட்டர் டேப், பன்னிரண்டு சிவப்புத் துணிக் கொடிகள், தடித்த ஃபைல், கண் மருந்து பாட்டிலில் தண்ணீர் கலந்த பாத்ரூம் ஆசிட், தலையில் தொப்பி. இந்தக் கோலத்தில் அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நுழையலாமா? சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எப்போது நிலம் எடுப்பார்களோ என்று பாதித் தூக்கம் தூங்குகிற ஊர்கள் இவை. இது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

கலியமூர்த்தி கல்யாணப் பத்திரிகை வாங்க அரியலூர் போயிருந்தார். நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். முதல் வீடு தனபாக்கியம் என்ற அம்மாளுடையது. வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஐந்து பேர், ஆடு ஏழு, கிணறு நாற்பது அடி என்று எல்லாம் மரியாதையாகச் சொன்னாள். அடுத்ததாக இடப்பெயர்வு பற்றிய கேள்விக்கு வந்தேன்.

"இந்த ஊரை விட்டுப் போறதுன்னா எங்கம்மா போவீங்க?"

முறம் நின்றது. "நாங்க ஏன் சார் போவணும்?"

"போறதா வச்சுக்குவோம். உங்களத் தள்ளுற காரணம் எது, வெளியூர் இழுக்குற காரணம் எது?"

"யாரு சார் எங்களத் தள்ளுறது? வரச் சொல்லுங்க அவன!"

பொதுமக்களுக்கு அடிப்படைக் கருத்துகள் போய்ச் சேரவில்லை என்று ஃபைலில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். (ஆம், அவள் முன்னாலேயே குறித்தேன்.) இப்படிப் பதினான்கு வீடுகள். பதினான்கிலும் அதே கேள்வி.

பிறகு கலியமூர்த்தியின் கொல்லைக்குப் போய், நான்கு மூலையிலும் கொடி நட்டு, நடுவில் ஒன்றரை அடி தோண்டினேன். மண்ணடுக்கு பார்க்கத்தான். வெளுத்த கல் ஒன்று வந்தது. அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் நுரைத்துப் பொங்கும். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் மட்டுமே நான் நடத்திய சோதனை. கல் சுர்ரென்று பொங்கியது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

"பொங்குது! பொங்குது! முதல்தரமான சுண்ணாம்பு!"

நிமிர்ந்து பார்த்தேன். திடுக்கிட்டுப் போனேன். என்னைச் சுற்றி நாற்பத்து மூன்று பேர். சிதறிய குடியிருப்பு என்று காலையில் நான் எழுதிய ஊர் எட்டே நிமிடத்தில் குழுமிய குடியிருப்பாகியிருந்தது. ஆறு பேர் கையில் போன். ஆறும் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

"எந்த கம்பெனி சார்?" என்றது ஒரு குரல்.

"கம்பெனி இல்லைங்க. நான் வாத்தியார். புத்தகம் எழுதுறேன்."

"இப்பிடித்தான் சார் எல்லாரும் சொல்லுவாங்க" என்று ஒருவர் என் ஃபைலைப் பிடுங்கிப் பிரித்து, கண்ணில் பட்ட வரியை உரக்கப் படித்தார்: "கனிம வளம் உள்ள இடங்களில் குடியிருப்புகள் இடம் மாறுகின்றன." கூட்டம் இன்னும் ஓரடி நெருங்கியது. "இத யாரு எழுதுனது?"

"நான்தான்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"போன மாசமே முடிச்சிட்டேன்" என்றேன். (அந்த அத்தியாயத்தை.)

தனபாக்கியம் முன்னால் வந்தாள். "நான் அப்பவே சொல்லல? எங்கள எங்க போவீங்கன்னு இந்தாளுதான் கேட்டான்!" காலையில் சார், பிற்பகல் மூன்று மணிக்கு இந்தாள். ஒருவர் மட்டும் என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னார்: "எங்க கொல்லைய விட்டுடுங்க சார். பக்கத்துல எம் பங்காளிது இருக்கு, அங்கதான் சுண்ணாம்புச் சுக்காங்கல்லு ஜாஸ்தி." அவர் போனதும் அந்தப் பங்காளியே வந்தார்: "எங்களுத எடுத்தா எம் பையனுக்கு வேல குடுப்பாங்களா சார்?"

என் நாடியைப் பிடித்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.

அப்போதுதான் பத்திரிகைக் கட்டோடு கலியமூர்த்தி வண்டியில் வந்து இறங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. நான் தோண்டிய குழியின் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தி, ராஜமாணிக்கம் போன் பண்ணாரு. கெரயம் வேணாங்கிறாரு. அட்வான்ச திருப்பிக் கேக்குறாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பொங்குது பொங்குதுன்னு கத்துற வீடியோ திருமானூர் போயிடுச்சு."

நானே ராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டேன். "ஐயா, நான் பூகோள வாத்தியார்."

"வாத்தியாருக்கு என்னாத்துக்குய்யா ஆசிட்டு? எடுத்துக்கப்போற நெலத்த வாங்கிட்டு நான் கோர்ட்டுக்கு நடக்கவா?" வைத்துவிட்டார்.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலரையே கூட்டிவந்து, எந்த உத்தரவும் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தோம். ஊர் அதையும் கேட்டுக்கொண்டது. "பாத்தியா, வி.ஏ.ஓ.வுக்கே தெரியாம வச்சிருக்காங்க. அப்ப பெரிய லெவல்தான்" என்று கலைந்தது.

பத்தொன்பது நாள் வேறு ஆள் தேடினோம். ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் நிலத்தைப் பார்க்கும் முன்பு என்னைப் பார்த்தார்கள், பார்த்ததும், "இவருதான அவரு?" என்றார்கள். கலியமூர்த்தி மாப்பிள்ளை வீட்டாரிடம் தை வரை தவணை கேட்கலாமா என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தி ஆறு நாளாகியிருந்தது. மாமியார் வீட்டில் அவள் தலை நிமிர முடியவில்லை என்று அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சரோஜா சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "பேங்குல போட்டு வச்சிருக்கீங்கள்ல, அத எடுங்க."

"எதுக்கு?"

"நீங்க பொங்க வச்ச கல்லு. நீங்களே வச்சுக்குங்க."

அதிர்ச்சியில் நான் எண்ணாமல் விழுங்கிய முதல் கவளம் அது.

ராஜமாணிக்கம் பேசிய விலைக்கே அந்தக் கொல்லையை வாங்கினேன். விலையைக் குறைத்துக் கேட்கலாமா என்று யோசித்தேன். சரோஜா பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் எத்தனை இலை என்று ஒரு பரிமாறுபவரை நான் கேட்டதும், என் மகள் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்: "அப்பா கேட்டா யாரும் பதில் சொல்லாதீங்க! அப்பறம் மண்டபத்தக் காலி பண்ணணும்!" இருநூறு பேர் சிரித்தார்கள்; கலியமூர்த்தியும். இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும், நான் மணி என்ன என்று கேட்டால்கூட இதுதான் பதில்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பார்களோ என்று இப்போது அந்த ஊரில் பயப்படுகிறவர்களில் நானும் ஒருவன். அந்த மண்ணுக்கடியில் இருப்பது முதல்தரமான சுண்ணாம்பு என்பது மற்றவர்களுக்கு வதந்தி, எனக்கு நிச்சயம். ஏதாவது உத்தரவு வந்ததா என்று வி.ஏ.ஓ.வுக்கு இதுவரை பதினேழு முறை போன் செய்துவிட்டேன். கடைசி நான்கு முறை அவர் எடுக்கவில்லை.

நிலம் ஏழு லட்சத்து இருபதாயிரம். பத்திரச் செலவு அறுபத்தெட்டாயிரத்து நானூறு. எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸுக்கும் டீக்கும் இருநூற்று நாற்பது. ஆகமொத்தம் ஏழு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.