ஒன்பதாம் கூண்டின் மூச்சுத்திணறல்

உயிர்கள் மூச்சு விடத் தொடங்கிய காலம் முதல், அந்த மூச்சின் மீது இத்தனை கரிசனம் கொண்ட கட்டடம் ஒன்று பூமியில் எழுந்ததில்லை. ஒவ்வாமை நுரையீரல் ஆராய்ச்சி நிலையம் என்று அதற்குப் பெயர். வாசலில் நின்று இருமினால்கூடக் கண்ணாடிக் கதவு மரியாதையாகத் திறந்துகொள்ளும்.

அதன் அடித்தளத்தில் ஆய்வு எலிகளைப் பராமரித்து வந்தவரை எல்லோரும் கூண்டக்கா என்றே அழைத்தார்கள். எலிகளின் வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் வடிகட்டிய காற்று தனிக்குழாயில் போகும். எலிகள் அதைச் சுவாசித்து முடித்ததும், முடி, மூத்திர வாடை, தூசி சகிதம் இன்னொரு குழாய் அதை "வெளியே" விடும். வெளியே என்பது கூண்டக்காவின் நாற்காலிக்கு நேர் மேலே.

இரண்டு வருடத்தில் அவர் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. "அடுப்புல குக்கர் இருக்கா, இல்ல நீதானா?" என்று கணவர் கூடத்திலிருந்து கேட்கும் அளவுக்கு. எலி ஒவ்வாமை, அந்தக் காற்று நிற்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் மகளின் படிப்பையும் விட வேண்டியதுதான்.

கூண்டக்கா நிலைய இயக்குநரிடம் போனார்.

"ஐயா, அந்தக் குழாய ஜன்னல் பக்கம் திருப்பி விட்டா போதுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. மூச்சுத்திணறலைப் பற்றி யாரும் கேட்காமலே ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் அவர்.

"உக்காரும்மா. நம்ம நுரையீரல்ல பொறந்ததுலேருந்தே சில காவல்காரங்க இருக்காங்க. ஏற்பின்னு பேரு. கிருமி வந்தா மணி அடிக்கணும். சில பேருக்கு வெறும் தூசி வந்தாலே அடிச்சிடுவாங்க. உடனே ரத்தத்துலேருந்து ஒரு பட்டாளமே கம்போட ஓடி வரும். வந்து பாத்தா திருடனே இல்ல. சும்மா திரும்பிப் போகுமா? வீட்டையே அடிச்சு நொறுக்கும். உள்ள வீங்கும், சளி கட்டும், மூச்சுக்குழாய் சுருங்கும். இதான் அழற்சி."

"அப்ப குழாய்..."

"காவல்காரனையே எடுத்துட்டா? அதான் நம்ம கண்டுபிடிப்பு. ஒன்பதாம் கூண்டு எலிங்களுக்கு அந்த ஏற்பியே கிடையாது. எவ்வளவு தூசி குடுத்தாலும் ஜம்முனு இருக்கும்."

"எனக்கு அது இருக்குங்களே ஐயா."

"அதுக்கு நீ என்னம்மா பண்ணுவ" என்று இயக்குநர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

கோரிக்கை "உயிரினக் காற்றோட்ட நலக் குழு"வின் மேலான பார்வைக்கு அனுப்பப்பட்டது. குழு பலமுறை கூடி, தேநீர் அருந்தி, பணியாளர்கள் தன் வரம்புக்குள் வரமாட்டார்கள் என்று ஒருமனதாகத் தெளிவடைந்தது.

ஆய்வைப் பார்வையிட வெளியூர் நிபுணர்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் இயக்குநரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். கூண்டக்கா ஒன்பதாம் கூண்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார்.

"வீஈஈ..."

இயக்குநர் உறைந்து போனார். குனிந்து, கூண்டின் மூடியில் காதை வைத்தார்.

"வீஈஈ..."

"மூச்சு வாங்குதே. ஏற்பி இல்லாத எலிக்கு மூச்சு வாங்குதே."

"ஐயா... அது... நான்..." அதற்கு மேல் சொல்லக் கூண்டக்காவிடம் காற்று இல்லை.

"உன்ன யாரு குத்தம் சொன்னா? நம்ம கண்டுபிடிப்பு தப்பா இருக்க முடியாது, எல்லாம் இந்த ரூம் காத்து. அந்தக் குழாய் விடுற தூசிதான் திரும்பக் கூண்டுக்குள்ள போயிருக்கு."

மணி அடித்துவிட்டது. பட்டாளம் ஓடி வந்தது: துணை இயக்குநர்கள், நலக் குழு முழுவதும், கடைசியில் ஏணியோடு மெக்கானிக். அவர் குழாயில் ஒரு வளைவுத் துண்டைப் பொருத்தி ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்டார்: "இவ்வளவுதானா? இதுக்கா இத்தன பேரு?"

எலி குணமடைந்தது. கண்டுபிடிப்பும் பிழைத்தது. நிபுணர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் நடந்த பாராட்டுக் கூட்டத்தில், "இந்த நிலையத்தில் ஒரு சிற்றுயிரின் மூச்சுகூட அலட்சியப்படுத்தப்படாது" என்று இயக்குநர் முழங்கினார். பிறகு, கடைசி வரிசையில் இருந்த கூண்டக்காவைப் பார்த்து வருத்தத்தோடு கேட்டார்.

"வாயில்லா ஜீவன் எத்தன நாளா திணறிச்சோ. கூடவே இருந்த நீ ஏம்மா முன்னாடியே சொல்லல?"

கூண்டக்கா எழுந்து நின்றார். நெடுநாளைக்குப் பிறகு ஒரு மூச்சை முழுதாக, சத்தமில்லாமல் இழுத்து விட்டார்.

"சொன்னேங்க ஐயா. விவரம் தெரியாம, எனக்குன்னு சொல்லிட்டேன்."