ஐந்தாவது கதையும் நீலநாக்கும்

புத்தகத்தை முழுதாக வாசிக்காமல் மேடையேறிப் பேசியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். முருகேசன் என்று ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) சூப்பர்வைசர். ஆறு வருடம் உட்கார்ந்து பன்னிரண்டு அண்டப் பயங்கரக் கதைகள் எழுதித் தொகுப்பாகப் போட்டிருந்தார். பேய் பிசாசு கிடையாது; வானத்துக்கு அப்பாலிருந்து, மனிதனை எறும்பாகக்கூட மதிக்காத ஏதோ ஒன்று வரும். "பொண்ணு பாக்கன்னு தனியா எதுக்கு? வெளியீட்டு விழாவுல அந்தப் பிள்ளையே வந்து பேசட்டும், பாத்துக்கிடுதோம்" என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வாசித்தேன். (பஸ்ஸில், அதுவும் தூங்கி விழுந்துகொண்டு.) முதல் கதை அபாரம். கோடையில் வெடித்த கரிசல் நிலத்தின் பிளவுக்குள் ஒருவன் கல்லைப் போடுகிறான். விழுந்த சத்தம் மூன்று நாள் கழித்து அவன் வீட்டுக்குள் கேட்கிறது. அதோடு சரி. அடுத்த மூன்றிலும் "வார்த்தைகளால் விவரிக்க முடியாத உருவம்" வந்து நின்றது. விவரிக்க முடியாதென்றால் என்னத்துக்கு ஐயா பேனாவைத் தொடுகிறீர்கள்? ஐந்தாவதிலும் நாலு பக்கம் அதே கூத்து. திடீரென்று நடை மாறியது.

"நாக்கு நீலமாகும். கழுத்து ஒரு பக்கம் திரும்பும். கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்தவும். இறந்தால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த பக்கங்களை அரைத்தூக்கத்தில் புரட்டியபோது இரண்டு இடத்தில் 'ஆடு' என்று கண்ணில் பட்டது. குறியீடு என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். மீதிக் கதைகளைத் தொடவே இல்லை.

விழாவில் வெளுத்து வாங்கினேன். பன்னிரண்டில் தேறுவது இரண்டே இரண்டு என்றேன். முன்வரிசையில் முருகேசனின் அம்மா முகம் சுண்டிப்போனது. எங்கம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. "ஆனால் ஐந்தாவது கதையில் ஆசிரியர் மேதை. மேலேயிருந்து நம்மையெல்லாம் மந்தையாகப் பார்க்கும் ஒரு சக்தியின் குரல் அது. இரக்கமில்லை, விளக்கமில்லை, கட்டளை மட்டும்தான்" என்று சொல்லி, அந்தப் பத்தியை உணர்ச்சியோடு வாசித்தும் காட்டினேன்.

முருகேசனின் தாய்மாமா எழுந்தார். குளத்தூர்ப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்.

"தாயி, அது கதையில்லம்மா. ஆட்டுக்கு வாரதுல்லா நீலநாக்கு, அதுக்குப் பண்ணுத பக்குவம். சரியாத்தான் போட்டிருக்கு."

முருகேசன் பதறிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரமாக மடித்துத் தைப்பார்கள். அதே வாரம் அங்கே அச்சான ஆடு வளர்ப்புக் கையேட்டின் பாரம் ஒன்று எல்லாப் பிரதியிலும் ஐந்தாவது கதைக்குள் ஏறியிருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு மனுஷனின் ஆறு வருட உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் மேடையிலிருந்து கீழே இறங்கியதும் முருகேசன் நேரே என்னிடம் வந்தார்.

"கோவமா இருக்கீங்களா?" என்றேன்.

"அத விடுங்க. மத்த கதையப் பத்திச் சொன்னது நெசந்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். கல்யாணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. "வாசிச்ச வரைக்கும் நெசந்தான். ஆறாவதுலேர்ந்து வாசிக்கல" என்று உண்மையைக் கக்கிவிட்டேன்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "அப்ப மொதல்ல வாசிச்சிட்டு வாங்க. கல்யாணத்த அப்புறம் பேசிக்கிடலாம்."

வாசித்தேன். மீதி ஏழில் நல்லது ஒன்று தேறியது. கல்யாணமும் நடந்தது. மாமா ஒரு கட்டுப் புத்தகத்தை வாங்கிப்போய் ஆடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தொகுப்பிலேயே உருப்படியான பகுதி அதுதான் என்று இன்றும் சொல்வார். என் வீட்டுக்காரர் எழுதுவதை விடவில்லை. ஒவ்வொரு கதையையும் முடித்ததும் என்னிடம் நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். நான் வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான்.

"நீலநாக்கு அளவுக்கு வந்திருக்கா?"

"கிட்ட வந்துட்டீங்க" என்பேன்.