பட்டறைக்குப் போகாதவர்

கார் வைத்திருப்பவர்களில் ஓர் இனம் உண்டு. வெயில் பட்டுப் பட்டு வண்டிக் கூரையின் மேல்பூச்சு வெந்து, சுடுகஞ்சி கொட்டிய கை மாதிரி திட்டுத்திட்டாகத் தோல் கிளம்பியிருக்கும். "பட்டறைக்கு விடக் கூடாதா?" என்று நீங்கள் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், ஒரு சிரிப்பு வரும். பின்னாலேயே ஒரு கேள்வி வரும். "இதுக்குப் போயா?"

இந்த இரண்டையும் வைத்தே இனத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ராயப்பன்பட்டி மரிய ஜோசப் வாத்தியார் இதில் உயர்ந்த ரகம். தன் கருஞ்சிவப்புக் காருக்கு அவர் பார்த்த வைத்தியங்களை மனைவி பிலோமினா ஒவ்வொன்றாக அனுபவித்திருக்கிறாள். முதலில் பற்பசை, பிறகு தேங்காய் எண்ணெய், அதன் மேல் கம்பம் ரோட்டுப் புழுதி மொத்தமும் வந்து குடியேறியது, பிறகு மண்ணெண்ணெய், அப்புறம் வாழைப்பழத் தோல், அதற்கு எறும்புகள் மட்டும் நன்றி சொல்லின. ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் வாத்தியார் சற்றுப் பின்வாங்கி, இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, "இப்பப் பாரு" என்பார். பிலோமினா பார்ப்பாள். என்னத்தைப் பார்ப்பது?

இந்த இனத்துக்குக் குரு, செல்போன். வெள்ளைக்காரர் ஒருவர் நாலு பக்கமும் அடைத்த அறைக்குள் நின்று, கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சை டப்பாவிலிருந்து பீய்ச்சி அடிக்கும் வீடியோவை வாத்தியார் திரும்பத் திரும்பப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார், கை போகும் வாகைப் பார்த்தார். அறையை மட்டும் பார்க்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் தொலையட்டும் என்று பிலோமினா விட்டிருப்பாள். ஆனால் தவக்காலம் முடிந்ததும் மகள் இவாஞ்சலினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெரிய வண்டியை அனுப்புவதாகச் சொல்லியும் அவள் சம்மதிக்கவில்லை.

"நான் ஓட்டப் பழகுனதே அப்பா வண்டியிலதான். கோயில் வாசல்ல அதுலதான் இறங்குவேன்."

பிலோமினாவுக்கும் அதே ஆசை. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"பிள்ளை ஆசைப்படுது. இந்த ஒரு தடவை பட்டறைக்கு விடுங்க."

"இதுக்குப் போயா?"

உப்புத்தாள் வந்தது. தேய்க்கத் தேய்க்க, கெட்டிருந்த இடத்தோடு நன்றாயிருந்த இடமும் போயிற்று. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்த கையோடு வாத்தியார் டப்பாவும் கையுமாக முற்றத்தில் இறங்கினார். மலையடிவாரத் தோப்புகளில் இலவங்காய்கள் வெடித்து, பஞ்சு ஊர் முழுக்க ஊர்வலம் போகிற பருவம்.

"என்னங்க, பஞ்சு பறக்குது. ஈரத்துல ஒட்டாதா?"

"அதெல்லாம் டக்குன்னு காஞ்சிரும். நீ உள்ள போ, தூசியக் கிளப்பாத."

தூசியைக் கிளப்புவது பிலோமினாதான்!

உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் வண்டி அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பஞ்சிழை வந்து உட்கார்ந்தது. அதை எடுக்க விரல் வைத்தார், ரேகை பதிந்தது. ரேகையை மறைக்க இன்னொரு கோட் அடித்தார், அந்த ஈரத்துக்குப் பஞ்சு கொத்தாக வந்தது. துணியால் துடைத்தார், துணியின் நூலும் கூடச் சேர்ந்துகொண்டது. பொழுது சாய்வதற்குள் வண்டி மீசை, தாடியோடு நின்றது.

பக்கத்து வீட்டு மொக்கம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏ ஆத்தா பிலோமினா, வாத்தியாரு எப்பச் செம்மறிக்கிடா வாங்குனாக?"

"காஞ்சதும் உதிந்துரும்" என்றார் வாத்தியார்.

"கிடாவுக்கா?"

அந்த வாரம் முழுக்க உப்புத்தாளும் டப்பாவும் மாறி மாறி ஓடின. அதோடாவது விட்டாரா? கல்யாணத்தன்று விடிந்ததும், "கடைசியா ஒரு கை" என்று கதவுகளுக்கும் அடித்துவிட்டார்.

சந்தன நிறப் பட்டும் தலையில் மணப்பெண் முக்காட்டு வலையுமாக இவாஞ்சலின் வெளியே வந்தாள். கதவுப் பிடியை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"அப்பா, சேலையில ஒட்டுமா?"

வாத்தியார் கதவை விரல் நுனியால் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஒட்டும், தாயி."

பிலோமினா உள்ளே போய்ச் சம்பந்திக்குப் போன் போட்டாள். "அண்ணே, உங்க வண்டியவே அனுப்பி விடுங்க."

அந்தப் பெரிய வண்டி வந்தது. மகள் ஏறினாள். முற்றத்தில் நின்ற கருஞ்சிவப்புக் காரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதால் கண்மை கலைந்துவிடும்.

வாத்தியார் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அன்று மதியப் பந்தியில், எலும்பைக் கடித்துக்கொண்டே, "முதல் கோட்டு லேசா அடிக்கணும், அங்கனதான் எல்லாரும் தப்புப் பண்ணுறாக" என்று பக்கத்து இலைக்காரர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் டப்பா எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். இனம் அழியாது.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்களுக்குப் பட்டறை தெரியும், பெயிண்டரின் போன் நம்பர்கூடத் தெரியும். நல்லது. இப்போது வெளியே போய் உங்கள் வண்டியின் பானட்டைக் கொஞ்சம் பாருங்கள். ஓர் ஓரத்தில் மேல்பூச்சு துளியூண்டு எழும்பி நிற்கிறதல்லவா? அதைத் தொடாமல் உள்ளே வந்துவிடுங்கள் பார்ப்போம்.

நகத்தை அங்கிருந்து எடுங்கள், ஐயா!