மேஜர் ஒட்டுக் கேட்ட மயில்

"மயில் ஒண்ணு, மயில் ஒண்ணு... கழுத்து ரிப் இன்னும் வரலீங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறோம். ஓவர்."

மேஜர் தண்டாயுதபாணி ஹெட்போனைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சூலூர் விமானப்படைத் தளத்தில் யாரும் பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கும் ரிப் பட்டிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் அந்த ரேடியோ ஸ்கேனரை வாங்கியதே விமானங்களைக் கேட்கத்தான். காதர்பேட்டை பனியன் மொத்த வியாபாரி பசீர் அகமது பம்பாய்க்குச் சரக்கு அனுப்பினால், திரும்பி வரும் லாரியில் ஏதாவது ஒரு விநோதம் வந்து இறங்கும். இந்தத் தடவை இறங்கியது கைக்கு அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி. காற்றில் யார் எந்த மூலையில் பேசினாலும் தானே துழாவிப் பிடித்து நிற்கும். கிளப்பில் நாலு பேர் நடுவே, "நேத்து ஒரு பைலட் என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டு, தேச ரகசியம் என்று பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை.

மேஜர் பட்டம் ராணுவம் கொடுத்ததல்ல. கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. முகாம் ஒன்றில் அவர் வயர்லெஸ் பெட்டியைச் சுமந்து நடந்திருக்கிறார். பெட்டிக்குள் பேட்டரி இல்லை. ஆனாலும் அவர் மீசையை முறுக்கி, விசிட்டிங் கார்டிலும் மேஜர் என்று அச்சடித்த பிறகு ஊர் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. திருப்பூரில் கார்டில் இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒருவர் கார்டைச் சந்தேகித்தால் எல்லார் கார்டையும் சந்தேகிக்க வேண்டிவரும்.

ஹெட்போன் மறுபடி கரகரத்தது.

"மயில் ரெண்டு பேசறேனுங்க. ரிப் வருது. டென்மார்க் சாம்பிளை மொதல்ல முடிக்கச் சொல்லி மொதலாளி சொல்லீட்டாங்க. ஓவர்."

மேஜரின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. டென்மார்க் ஆர்டர் அவருடைய பனியன் ஃபேக்டரிக்கு வரவேண்டியது. வராவிட்டால் தீபாவளி வரை பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடவேண்டும். சும்மா இருக்கும் டெய்லர்கள் அடுத்த கம்பெனி கேட்டுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வந்ததாகத் திருப்பூர் சரித்திரத்தில் இல்லை.

பசீர் அகமதுவை வரவழைத்தார். பாய் ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது மிலிட்டரி கழிச்சுவிட்ட டிஸ்போசல் கைசெட்டுங்ணா. சிப்பாய்ங்க பக்கத்துல பக்கத்துல நின்னு பேசிக்கறது. நாலு தெரு தாண்டாதுங்க."

"யாருக்கு வித்தீங்க பாய்?"

"லைசென்சு இல்லாத சரக்குங்ணா. அவங்க பேரை உங்ககிட்டச் சொன்னா, உங்க பேரை நாளைக்கு இன்னொருத்தர்கிட்டச் சொல்லோணுமில்லீங்களா?"

"அது கிடக்கட்டும். நாலு தெருவாம்! மிலிட்டரி செட்டு நாலு தெருதான் எட்டும்னா யுத்தத்தைத் தெருத்தெருவாவா நடத்தறாங்க? எனக்கே வயர்லெஸ் சொல்லிக் குடுக்கறீங்களா?"

பாய் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எதிரி சோமனூரில் இருக்கலாம், அல்லது பெருமாநல்லூரில் இருக்கலாம் என்று மேஜர் கணித்தார். டிரைவர் வேலுமணியைக் காரை எடுக்கச் சொல்லி, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ஊரையும் சல்லடை போட்டார். சோமனூரில் ஒரு மயிலும் அகவவில்லை. பெருமாநல்லூரிலும் அப்படியே.

"பாத்தியா வேலுமணி? நம்ம காரைக் கண்டதும் வாயை மூடிக்கிட்டானுங்க. இதுக்கு ரேடியோ சைலன்ஸுன்னு பேரு."

"அப்படீங்களா சார்? வண்டியைப் பாத்தே பயந்துட்டாங்களாட்ட இருக்குது."

வீட்டு மொட்டை மாடியில் மட்டும் மயில்கள் மணி மாதிரி கேட்டன. காரணம் தன் வீட்டின் உயரம் என்று மேஜர் முடிவு செய்தார். ஒரு இரும்புக் குழாயை நட்டு ஏரியல் கட்டினார். இன்னும் தெளிவாகக் கேட்டது. உயரம்தான் காரணம் என்பது நிரூபணமாகிவிட்டது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது திட்டத்தை மனைவி சாரதாமணியிடம் சொன்னார். எதையும் யாரிடமாவது சொன்னால்தான் அவருக்குச் செரிக்கும். சாரதாமணியிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று என்பது அவர் கருத்து. சுவர் ரசம் ஊற்றாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"டென்மார்க்காரனுக்கு ஒவ்வொரு பனியனோடயும் ஒரு ஹேங்கர் சும்மா குடுக்கப் போறேன். மயிலு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கும்."

"நல்லதுங்க. அப்பளம் இன்னொண்ணு வெக்கட்டுங்களா?"

மறுநாள், வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்ட் நஜீமுதீனுக்கு போன் போடுமுன் மாடிக்குப் போய் ஒரு தடவை கேட்டார்.

"மயில் ரெண்டுங்களா? மேஜரு ஹேங்கரு சும்மா குடுக்கறாராமா. நாம கண்டுக்க வேண்டாம்னு மொதலாளி சொல்லீட்டாங்க. ஓவர்."

"எந்த மேஜருங்க? ஓவர்."

"அட, அந்த மீசைக்காரருங்க. ஓவர்."

மேஜர் ஃபேக்டரிக்குப் பறந்தார். மேனேஜர் நஸ்ருதீனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"நஸ்ருதீன், நம்மகிட்ட ஒரு ஒற்றன் இருக்கறான். ஹேங்கர் விசயம் வெளிய போயிருச்சு."

"ஹேங்கருங்களா? எந்த ஹேங்கருங்க சார்? எனக்கே இப்பத்தானுங்க தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். உனக்குத் தெரியறதுக்கு முன்னாலயே கடத்தியிருக்கறான்னா எப்பேர்ப்பட்ட ஆளு!"

எதிரியிடமும் ஸ்கேனர் இருக்கிறது, அது சுவரைத் துளைத்துக் கேட்கிறது என்ற முடிவுக்கு மேஜர் வந்தார். முறியடிக்க வழியும் கண்டார். பளபளக்கும் அலுமினியத் தாளைச் சுருள் சுருளாக வாங்கி, ஃபேக்டரியின் எல்லா ஜன்னலையும் அடைத்தார். சித்திரை மாதம். தகரக் கூரை. மதியத்துக்குள் தையல் பிரிவிலிருந்து பெண்கள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏனுங் மேனேஜர் சார்," என்றாள் கழுத்து ரிப் தைக்கும் மயிலாள், "நாங்கெல்லாம் இட்டிலிங்களா, மூடி வெச்சு அவிக்கறதுக்கு?"

"சித்த பொறுங்கம்மா. மேஜர் பாதுகாப்புக்குன்னு சொல்றாரு."

"ஆருக்குங்க பாதுகாப்பு? உள்ள இருந்தா உசுரு போயிருமாட்ட இருக்குது."

டென்மார்க் சாம்பிளை அன்றே அனுப்பியாக வேண்டும். மயிலாள் மரத்தடியை விட்டு அசையவில்லை. பட்டன் தைக்கிற பையனைப் பிடித்துக் கழுத்து ரிப்பைத் தைக்க வைத்தார்கள்.

ஒரு சாம்பிளை மேஜர் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை மேல் விரித்தார். சாரதாமணி அதைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள்.

"கழுத்து லூசா இருக்குதுங்களே. இழுத்தாத் திரும்பி வரமாட்டேங்குது."

"அது ஐரோப்பாக் கழுத்து. அவனுங்களுக்கெல்லாம் கழுத்து பெருசு. நீ பாத்ததில்லை."

"இல்லீங்க," என்று சாரதாமணி ஒப்புக்கொண்டாள்.

ஹேங்கரோடு ஒரு கர்ச்சீப்பும் இலவசம் என்று அன்றைய சாப்பாட்டில் மேஜர் அறிவித்தார். மறுநாள் மயில்களுக்குக் கர்ச்சீப்பும் தெரிந்திருந்தது. அலுமினியத் தாளையும் துளைக்கிற ஸ்கேனர்! மேஜருக்கு எதிரி மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இனி ஃபேக்டரிக்குள் ஆர்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, எல்லாம் என்.சி.சி. கைச் சைகைதான் என்று உத்தரவு போட்டார். அவர் "நிறுத்து" என்று காட்டியதை லோடுமேன் "ஏத்து" என்று எடுத்துக்கொண்டான். சாயப் பட்டறைக்குப் போக வேண்டிய துணி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வண்டி ஏறியது.

இனி ரகசியம் பேசப் பத்திரமான இடம் வீடு ஒன்றுதான் என்று மேஜர் தேர்ந்தார்.

பிறகு அவருக்கு ஒரு ராஜதந்திரம் தோன்றியது. எதிரி கேட்கிறான் அல்லவா? கேட்கட்டும். பொய்யைக் கேட்கட்டும். ஃபேக்டரி நடுவில் நின்றுகொண்டு கூரை அதிரக் கத்தினார்.

"டென்மார்க் ஆர்டர் நமக்கு வேண்டாம்! விட்டுத் தள்ளுங்க! எவன் வேணா எடுத்துக்கட்டும்!"

வீட்டுக்கு வந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"பூரா டூப்பு, சாரதா. எதிராளி அசந்து தூங்கீருவான். நான் பொட்டிக்கு ஒரு முருகன் காலண்டரும் சேத்து ஆர்டரை அடிச்சுருவேன்."

"டென்மார்க்காரங்க முருகனைக் கும்புடுவாங்களா?"

"காலண்டர் குடுத்தாக் கும்புடுவாங்க."

மறுநாள் மாடியில் ஏரியலுக்குக் கீழே குந்தினார்.

"மேஜரு வேண்டாங்கறது சும்மாங்களாமா. முருகன் காலண்டரு தயாராகுதாம். நாம பாட்டுக்கு ரிப்பைப் பாக்கலாம்னு மொதலாளி சொல்லீட்டாங்க. ஓவர்."

மேஜர் இரண்டிரண்டு படியாக இறங்கினார். கீழே போன் அடித்தது. ஏஜெண்ட் நஜீமுதீன்.

"என்னங்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க மேனேஜர் நஸ்ருதீன் போன் பண்ணி உங்களுக்கு ஆர்டரு வேண்டாம்னு சொல்லீட்டாரு. நான் டென்மார்க்குக்கு ஃபேக்ஸே அனுப்பிட்டேன்."

பொறியில் எதிரியைத் தவிர எல்லாரும் விழுந்திருந்தார்கள்.

"பாய், வேணும்! வேணும்! ஹேங்கர், கர்ச்சீப், காலண்டர், அதோட ஒரு..." மேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு குத்துவிளக்கு. பித்தளை."

"பனியனுக்குங்களா?"

"கண்டெய்னருக்கு ஒண்ணு."

டென்மார்க்காரர் திருப்பூருக்கே வந்தார், பார்த்தார், போனார். அவர் போன மறுநாள் நஜீமுதீன் மேஜரின் அறைக்கு வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தொப்பியை அவர் அவ்வளவு நேரம் சரிசெய்ததிலேயே மேஜருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"போயிருச்சுங்களா?"

"போயிருச்சுங்ணா. ஆளு உங்க குத்துவிளக்கை எல்லாம் பாக்கவே இல்லீங்க. பனியனை எடுத்தாரு, கழுத்தை ஒரு இழு இழுத்தாரு. உங்களுது இழுத்த இடத்துலயே நின்னுக்கிச்சு. இன்னொரு கம்பெனியோடது டக்குனு திரும்பி வந்துருச்சு. அங்கயே கையெழுத்துப் போட்டுட்டாரு."

மேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அலுமினியத் தாளில் தன் முகம்தான் தெரிந்தது.

"ஆனா ஒரு நல்ல சேதிங்ணா," என்றார் நஜீமுதீன். "அவங்க புதுக் கம்பெனி. ஆர்டரு பெருசு, மெஷின் பத்தலை. பாதியை வெளிய தைக்கக் குடுக்கறாங்க. நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா உங்க மெஷின் நிக்காம ஓடும். ஆளுகளும் போகமாட்டாங்க."

"நான்? ஒரு மேஜர்? மயிலுகிட்டப் போயி ஜாப்வொர்க் கேக்கறதா?"

"எந்த மயிலுங்ணா?"

வெளியே தையல் பிரிவிலிருந்து மெஷின் சத்தம் பாதிதான் வந்தது. மறுபாதிக்கு உறை போட்டாகிவிட்டது. மேஜர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"எங்க இருக்குது அந்தக் கம்பெனி? சோமனூரா, பெருமாநல்லூரா?"

"ஏனுங்ணா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க ஊட்டுக்குப் பின்னாடிச் சந்துதான். நூலுக்குக் கஞ்சி போட்டுக்கிட்டிருந்த பழைய சைசிங் குடோன்."

மேஜர் மேசையைக் குத்தினார். வீட்டுக்குப் பின்னாலேயே முகாம்! தன்னைக் கண்காணிப்பதற்கென்றே எதிரி அங்கே வந்து இறங்கியிருக்கிறான். எப்பேர்ப்பட்ட முக்கியஸ்தரைப் பிடிக்க எவ்வளவு பெரிய ஏற்பாடு! தோல்வியிலும் அவருக்கு நெஞ்சு சற்று நிமிர்ந்தது.

சலவைச் சட்டை மாட்டி, மீசைக்கு எண்ணெய் தடவி, ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். அத்தாட்சியை முகத்துக்கு நேரே நீட்டி எதிரியைத் திடுக்கிட வைக்க வேண்டும். பிறகு பெருந்தன்மையாக, போனால் போகிறதென்று, ஜாப்வொர்க்கை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

குடோன் வாசலில் ஒரு நீள பெஞ்சு. ஊர்ச் சின்னக் கம்பெனிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மடியில் சாம்பிள் பையோடு அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேஜரைக் கண்டதும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். மேஜர் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் வாசல் காவலுக்கு இருக்கும் ரங்காத்தாள். அவள் இடுப்பில், சுருக்குப்பை இருக்க வேண்டிய இடத்தில், பச்சை நிறப் பட்டாளத்து செட்டு ஒன்று செருகியிருந்தது.

"உங்க மொதலாளியைப் பாக்கோணும்," என்றார் மேஜர். "மேஜர் வந்திருக்கறதாச் சொல்லு. அது போதும்."

ரங்காத்தாள் அவரை மீசையிலிருந்து செருப்பு வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். செட்டை உருவி, பட்டனை அமுக்கி வாயருகே கொண்டுபோனாள். அவள் பேசப் பேச, மேஜரின் கையிலிருந்த ஸ்கேனரும் அதையே பெஞ்சு முழுவதும் கேட்கும்படி திருப்பிச் சொன்னது:

"அம்மா, உங்க ஊட்டுக்காரரு வந்திருக்காருங்க, உள்ள உடறதுங்களா, இல்லாட்டி ஜாப்வொர்க் கேட்டு வந்தவங்களோட பெஞ்சுல உக்கார வெக்கறதுங்களா?"