தை வரைக்கும் உக்கிரபாண்டி ஐயா

ஆரப்பாளையம், மதுரை
பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்ள முத்துக்குமரனுக்கு,

உன் மச்சான் தங்கப்பாண்டி எழுதுவது. நீயும் சத்யப்ரியாவும் திருப்பூரில் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அந்த மட்டுக்கும் குலசாமிக்கு நன்றி. நீ பார்சலில் அனுப்பிய பொங்கல் சீர் வந்து சேர்ந்தது. கரும்பு வழியிலேயே ஒடிந்துவிட்டது, ஆனாலும் இனிப்புக்குக் குறைவில்லை. உன் அக்கா ரெங்கம்மாள் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புது வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்கிறேன் என்று மறுபடி மடித்து மூட்டைக்குள் வைத்துவிட்டாள்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் நீ போனில் கேட்டாயே ஒரு கேள்வி, "ஒரு வீடு வாங்க எம்புட்டு நாள்தான் மச்சான் ஆகும்? எங்க சூப்பர்வைசர் மூணே மாசத்துல முடிச்சுப் பால் காய்ச்சிட்டாரு" என்று. அது ஸ்பீக்கரில் இருந்தது. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது வெறும் ரசம். அதனால்தான் அவள் ரேஷன் கடைக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில் எழுதுகிறேன். உன் சூப்பர்வைசர் நன்றாக இருக்கட்டும். அவர் வாங்கியது கம்பெனிக்காரன் கட்டி விற்ற வீடு. கம்பெனிக்குப் பங்காளி கிடையாது, மாப்ள. நான் வாங்கப் போனது ஒரு குடும்பத்திடம்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவன் கட்டிய வீட்டை வாங்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்துவிட்டுத்தான் செத்திருப்பான். போன சித்திரையில் கோச்சடையில் அந்த வீட்டைப் பார்த்தோம். பெரிய மாளிகையெல்லாம் இல்லை. ரெண்டு ரூம், ஒரு ஹால், போர் தண்ணீர் உப்பில்லை. உன் அக்கா நேரே அடுக்களைக்குப் போனாள். அங்கே கிழக்கு பார்த்து ஒரு ஜன்னல். வெறும் மேடையில், இங்கே அடுப்பு, இங்கே மிக்ஸி, இங்கே உப்பு ஜாடி என்று கையாலேயே இடம் குறித்தாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக அவளை இழுத்துக்கொண்டு அலைந்தவன் நான். எலி வளையானாலும் தனி வளை வேணும் என்று அவள் சொல்லாத வருஷம் இல்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவுடன் பேரம் பேசக்கூட எனக்கு மனசு வரவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றி அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன், பேரையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பையன் படிப்புக்காக மதுரையில் வாங்கிப் போட்ட வீடு, பையன் படித்து முடித்துச் சென்னைக்குப் போய்விட்டான், வீடு சும்மா கிடக்கிறது, விற்கிறார். தங்கமான மனுஷன். எதைக் கேட்டாலும் "முடிச்சிரலாம்ணே" என்பார். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நல்லவனோடு எப்படிச் சண்டை போடுவது? வைகாசியில் வக்கீல் முன்பத்திரம் கேட்டார். அதைத் தேடி எடுக்க ஆனி போய்விட்டது. பிறகு ஆடி. ஆடியில் வீடு வாங்கினால் என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்டால் உன் அக்காவே என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பாள். ஆவணியில் நாள் குறித்து, பத்திரம் எழுதி, டோக்கன் போட்டு, இங்கே பாத்திரம் பண்டமெல்லாம் சாக்கில் கட்டி, விடிந்தால் பதிவு என்று நிற்கிறோம், கருத்தக்கண்ணனிடமிருந்து போன். பங்காளி ஒருத்தர் தவறிவிட்டார், பதினாறு நாள் தீட்டு, தீட்டோடு கையெழுத்துப் போட்டால் வாங்குகிற உங்களுக்கும் ஆகாது என்றார். நியாயந்தானே? சரி என்றேன். பதினாறு முடிகிற நேரத்தில் புரட்டாசி, மகாளயபட்சம். சரி என்றேன். ஐப்பசியில் மறுபடி நாள் குறித்தோம். மறுபடி ஒரு பங்காளி.

மொத்தம் எத்தனை பங்காளிதான்யா உங்களுக்கு என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், புத்தி கெட்டவன். ஒரே குலசாமியைக் கும்பிடுகிற தலைக்கட்டு எல்லாமே பங்காளிதாண்ணே என்றார். ஊரில் பாதி! அத்தனை வீட்டிலும் ஆளுக்கொரு கிழவர் கட்டிலில் கிடக்கிறார். டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவன் நான், பஸ் கொஞ்சம் பிந்தினாலும் டிரைவரை நிறுத்திக் கேள்வி கேட்டவன், எமன் வருகிற நேரத்தை யாரிடம் போய்க் கேட்பேன்? ரிட்டயரானவர்களுக்குத் தரும் பஸ் பாஸை எடுத்துக்கொண்டு வாராவாரம் பேரையூருக்குப் போக ஆரம்பித்தேன். எதற்கென்றால், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிக்கத்தான். போஸ்டரில் அந்தக் குலசாமி பேர் இல்லையென்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் திரும்புவேன். யாரோ ஒரு குடும்பம் அழுதுகொண்டிருக்கும், நான் நம்ம ஆள் இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பேன். இப்படி ஒரு பிழைப்பு. டீக்கடைக்காரர் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்றே முடிவு செய்துவிட்டார்.

இதற்கிடையில் இங்கே எங்கள் வாடகை வீட்டுக்காரர் பட்டாபிராமன் சார். இந்த வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டப் போகிறார். அவரும் நல்லவர்தான், நமக்கென்று வாய்ப்பதெல்லாம் நல்லவர்களாகவே வாய்க்கிறார்கள். "உங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல சார், மாசி பொறந்ததும் ஜேசிபி வர்றது, அதுக்குள்ள பாத்துக்கோங்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். கட்டிய சாக்கை உன் அக்கா பிரிக்க மாட்டேன் என்கிறாள். பிரித்தால் வீடு போய்விடுமாம். ஆவணியிலிருந்து ஒரு குக்கர், ஒரு சட்டி, ரெண்டு தட்டு, இதுதான் எங்கள் குடித்தனம். சாக்குமூட்டைக்கு நடுவே பாயை விரித்துப் படுத்திருக்கிறோம், ரெயில்வே ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. கார்த்திகைக்குப் பிறகு அவள் வீட்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை மாப்ள. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கார்த்திகையில்தான் உக்கிரபாண்டி ஐயா வந்தார். கருத்தக்கண்ணனின் சித்தப்பா, பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர். மூச்சுத் திணறி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர்கள் கைவிரித்து, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பேரையூர் வரைக்கும் கொண்டு போனால் வழியிலேயே போய்விடுவார் என்று பயந்து, எங்கே கொண்டு வந்து போட்டார்கள் தெரியுமா? கோச்சடை வீட்டில். சும்மாதானே கிடக்கிறது! ஹாலில், உன் அக்கா டி.வி. வைக்க இடம் பார்த்து வைத்திருந்தாளே, சரியாக அந்த இடத்தில் கட்டில். நான் போய்ப் பார்த்தேன். மனுஷர் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். வியாதிகூடப் பெரிசில்லை, ஒரு வாய் இறங்க மாட்டேன் என்கிறது, அதுதான் ஆளைக் கொண்டு போகும் என்று ஊசி போட வந்த நர்ஸம்மா சொன்னார். ஐப்பசித் தீட்டுக் கழிந்து நாள் குறிப்பதற்குள் கார்த்திகை தீர்ந்துவிடும். அடுத்து மார்கழி, மார்கழியில் பதிவு கிடையாது. அந்த மார்கழிக் கடைசியில் அவர் போனால் தை பாதி தீட்டிலேயே போகும். மாசியில் ஜேசிபி.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். உன் அக்கா எழுந்து போய், நொய்யரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் சீரகமும் போட்டுக் கஞ்சி வைத்தாள். தொட்டுக்கொள்ளக் கொத்தமல்லித் துவையல். இருக்கிற ஒரே குக்கர் அதற்குப் போய்விட்டதால் எனக்குக் காலையில் பன்னும் டீயும்தான். தினமும் தூக்குவாளியை டிவிஎஸ் ஃபிப்டியில் மாட்டிக்கொண்டு கோச்சடைக்குப் போவேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் துப்பிய மனுஷர் இதைத் துப்பவில்லை. முதல் நாள் ரெண்டு ஸ்பூன். அப்புறம் அரை டம்ளர். போகிற வழியில் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே நின்று தை வரைக்கும் மட்டும் இவருக்கு ஆயுசைக் கொடு என்று வேண்டிக்கொள்வேன். ஒரு மனுஷனுக்கு ஆயுசு கேட்கிறவன் நூறு வருஷம் கேட்பான். நான் பஸ் பாஸ் புதுப்பிக்கிறவன் மாதிரி தை வரைக்கும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

மார்கழி பாதியில் ஒரு நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏப்பா, நீ யாரு வீட்டுப் பிள்ள? எனக்கு எதுக்கு இம்புட்டுச் செய்யுற?"

"வீடு வாங்க வந்தவங்கய்யா."

"எந்த வீடு?"

"நீங்க படுத்திருக்கீகளே, இந்த வீடுதான்."

அவர் தலையைத் திருப்பி மேலே பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அதற்கப்புறம் தினமும் ஒரு டம்ளர் கூடுதலாகக் கேட்டார். நான்கூட, நமக்காகத்தான் பாவம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். பிறகு உட்கார்ந்தார். சுவரைப் பிடித்து நடந்தார். பொங்கலுக்கு முந்தின நாள் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷர் தெருமுனைக் கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வீட்டுக்காக, பாதி அவருக்காகவே என்று வைத்துக்கொள். தினமும் முகம் பார்த்துப் பழகிவிட்டது பார்.

ஆக, மாப்ள, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு வீடு வாங்க எம்புட்டு நாள் ஆகுமென்றால், விற்கிறவனுடைய பங்காளி எல்லாரும் ஒரே சமயத்தில் சௌகரியமாக இருக்கிற வரைக்கும் ஆகும். அந்த நாள் வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை, வளர்பிறை, பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை விடியக்காலையில் பால் காய்ச்சுகிறோம். பிறந்த வீட்டுச் சீர் நீதான் கொண்டு வர வேண்டும். உன் அக்கா வாய்விட்டுக் கேட்க மாட்டாள், நான் சொல்கிறேன்: பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு குத்துவிளக்கும் பால் காய்ச்ச ஒரு பித்தளைப் பானையும் போதும். அவளுக்கு உன் கையால் வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று நாள் குறித்ததைச் சொன்னவுடன் அவள் சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று அதைப் பார்த்து! இன்றைக்கே லீவு எழுதிக் கொடு. சத்யப்ரியாவையும் கட்டாயம் கூட்டி வா. அவளுக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் ரெண்டு பேரும் சொந்த வீட்டில் வாழ வேண்டும், அந்த வீட்டை விற்கிறவன் தனிக்கட்டையாக இருக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் நலம் கோரும் மச்சான்,
தங்கப்பாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கருத்தக்கண்ணனும் உக்கிரபாண்டி ஐயாவும். ஐயா நம் வீட்டு மாடிப்படியைப் பிடிக்காமலேயே ஏறி வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன் மேல் நான் கொடுத்த அட்வான்ஸ். கருத்தக்கண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பங்காளியெல்லாம் கூடிப் பேசிட்டாகண்ணே. சாகக் கெடந்த மனுசனை எந்திரிக்க வச்ச வீடு. இம்புட்டு ராசியான வீட்டக் கைமாத்துனா வம்சத்துக்கு ஆகாதுங்குறாக. சித்தப்பாவும் இனிமே அங்கனயே இருந்துக்கிறேங்குறாரு" என்றார். அவரை எழுப்பியது வீடு இல்லையப்பா, கஞ்சி என்றேன். "கஞ்சி எல்லா வீட்லயுந்தாண்ணே வைக்கிறாக" என்றார். உக்கிரபாண்டி ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, கோச்சடையிலேயே பக்கத்தில் ஒரு வீடு பார், தினமும் வந்து போக உனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று மனசாரச் சொன்னார். உன் அக்கா ரேஷன் அரிசிப் பையோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர்கள் போன பிறகு உள்ளே வந்தாள். அழவில்லை, திட்டவில்லை. "நாளைக்கு அவருக்குக் கஞ்சி வைக்கவா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். வெகுநேரமாகிறது, நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ அவளோடு பிறந்தவன், அவளுக்கு நான் என்ன சொல்லட்டும் என்று உடனே எழுது. போனில் வேண்டாம்.