தேங்காயெண்ணெயும் விண்வெளிக் கையும்

அன்றைய வேலை ஒன்றுதான். பேத்தி ஷைனி மறந்துவிட்டுப் போன மதியச் சோற்றை, நாகர்கோவிலுக்கு வெளியே உள்ள அவளுடைய பொறியியல் கல்லூரியில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அவளும் இரண்டு தோழிகளும் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். இறுதியாண்டு புராஜெக்ட். விண்வெளி வீரர் மனத்தில் நினைத்தால் போதுமாம். விண்கலத்துக்கு வெளியே உள்ள இயந்திரக் கை வேலையை முடித்துவிடுமாம். அதற்காக, மூளையின் மின்னலைகளைப் பிடிக்கும் தகடுகள் வைத்த ஒரு தலைப்பட்டை. அது மூவர் தலையிலும் வேலை செய்யவில்லை.

"எண்ணெய், ஆச்சி. தகடு தலையில ஒட்டமாட்டேங்கு. இன்னைக்குப் பரீட்சைன்னு இவளுக அம்மைமாரும் வச்சு விட்டிருக்காவ."

'அம்மைமாரும்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்; என் பெயரை எடுக்கவில்லை. அவளுக்கு வைத்துவிட்டது நான். மூளை குளிரட்டும் என்று, ஓய்வுபெற்ற கணித ஆசிரியையின் தாராளத்தோடு, அரைக் கிண்ணம்.

மேசைமேல் இருந்த மாதிரி இயந்திரக் கை அசையாவிட்டால் மூவருக்கும் தோல்வி. தலை கழுவிக் காயவைக்க நேரமில்லை; வெளித்தேர்வாளர் வந்துகொண்டிருந்தார். சீயக்காய் தேய்த்துக் குளித்த தலை அந்த அறையில் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

பட்டையைக் கட்டினார்கள். கை மூடட்டும் என்று நினைத்தால் அது எதிரிலுள்ள பந்தைப் பற்றும் என்றார்கள். வகுப்பே சந்தையாக இரைந்தபோதும் இயற்கணிதம் நடத்தியவளுக்கு மன ஒருமையை யாரும் கற்றுத்தர வேண்டாம் என்றேன்.

நினைத்தேன். அசையவில்லை.

கடுமையாக நினைத்தேன். கை என்னைவிடப் பிடிவாதக்காரியாக இருந்தது.

தேர்வாளர் மதுரைக்காரர், கழுத்தில் டை கட்டியிருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, நான் ஏதோ மேசை நாற்காலி என்பதுபோல ஷைனியிடம் சொன்னார்:

"வயசானவங்கல்ல, மூளை சிக்னல் வீக்காத்தான் இருக்கும்."

மதிப்பெண் அவர் கையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கை சட்டென்று மூடியது. பந்தை அல்ல, அவருடைய டையைப் பற்றியது.

"விடச் சொல்லுங்கம்மா" என்றார். இம்முறை என்னிடம்.

விடுபட்டதும், கருவி வேலை செய்கிறதென்று மனிதருக்கு ஒரே மகிழ்ச்சி. அப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். ஷைனி கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒண்ணும் நினைக்கல்ல. பல்லைக் கடிச்சேன்."

மறுபடி கடிக்கச் சொன்னார். கை மூடியது. பல்லைத் தளர்த்தினேன், திறந்தது. எல்லாம் தாடைத் தசையின் மின்சாரமாம். மூளை இதில் கலந்துகொள்ளவே இல்லையாம்.

"கருவி நல்லாத்தாம்மா இருக்கு. மூளைதான் இல்லை" என்று மூவருக்கும் வெறும் பாஸ் போட்டுவிட்டுப் போனார்.

"நெனச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா, ஆச்சி?" என்றாள் ஷைனி.

விண்வெளிக்கு ஆள் எடுப்பவர்கள் இனி மூளையைச் சோதித்துச் சிரமப்பட வேண்டியதில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினால் போதும்.