கிள்ளியாறு பற்றிய என் பரிசுக் கட்டுரையை அச்சிட வேண்டாம்

ஆரியசாலை, திருவனந்தபுரம்.
வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு மாணவி தா. கௌசல்யா வணக்கத்துடன் எழுதுவது. நானும் வீட்டாரும் உடலளவில் நலம். அங்கே தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஆனால் அந்த இயந்திரம் சனிக்கிழமை காலையில் ஓடத் தொடங்கும் என்று தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னார்கள். அதற்குள் இது தங்கள் கைக்கு வர வேண்டும் என்பதால், எழுதி முடித்ததும் அம்மாவின் கைபேசியில் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். தாள் பின்னால் தபாலில் வரும்.

விஷயம் இதுதான். மாணவர் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற 'எங்கள் தெருவும் கிள்ளியாறும்' என்ற என் கட்டுரையைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அதில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்துப் பிழைகளை நான் மூன்று முறை பார்த்துத் திருத்திவிட்டேன். இது அதைவிடப் பெரியது. இரண்டாம் பத்தியில், 'எங்கள் தெருவிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆற்றுக்குப் போவதில்லை' என்று எழுதியிருக்கிறேன். போகிறது. பதினெட்டு வீட்டிலிருந்தும் போகிறது.

நான் விசாரிக்காமல் எழுதவில்லை, ஐயா. எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி இரண்டு வரிசையாக இருக்கின்றன. நோட்டுப் புத்தகத்துடன் எல்லா வீட்டுக்கும் போய், 'உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது?' என்று கேட்டேன். பதினெட்டு வீட்டிலும் 'செப்டிக் டேங்க்' என்றுதான் சொன்னார்கள். சில பேர் நான் கேள்வியை முடிப்பதற்கு முன்பே சொன்னார்கள். ஒருவரிடமும் டேங்கைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் தவறு. அதைவிடப் பெரிய தவறு, அதே கட்டுரையின் நான்காம் பத்தியில், 'கடும் வெயில் காலத்திலும் எங்கள் வீடுகளின் பின்னால் ஓடும் சிற்றோடை வற்றுவதில்லை. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அதில் நீர்வரத்து மிகுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் சற்றுத் தாமதம்' என்று நானே பார்த்து எழுதியிருக்கிறேன். நடுவர்கள் அந்த வரியைப் பாராட்டியிருந்தார்கள். இரண்டு பத்திகளையும் சேர்த்துப் படிக்க அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதோடு நின்றிருந்தால் தங்களுக்கு இத்தனை அவசரமாக எழுத மாட்டேன். என் அப்பா தாணுமாலையன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். ஆற்றைச் சுத்தப்படுத்துவதற்காக நகரத்துக்கு ஒரு நிதி வந்திருக்கிறது. எந்தத் தெருவின் கழிவு ஆற்றுக்குப் போகிறதோ அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடைக் குழாயும் வீட்டு இணைப்பும் அந்த நிதியிலிருந்தே போட்டுக் கொடுப்பார்கள். குழாய் எல்லா வீட்டின் பின்பக்கமாகவும் போக வேண்டியிருப்பதால் பதினெட்டு வீடும் சேர்ந்தால்தான் உண்டு. ஒரு வீடு விலகினாலும் தெரு முழுவதும் போய்விடும். அப்பா ஆறு வாரம் அலைந்து விண்ணப்பம் தயார் செய்தார். அதற்கிடையில் என் பரிசுச் செய்தி வந்தது. அந்தப் பெருமையில் என் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டார். ஆற்றுக்குப் போகும் கழிவை நிறுத்தப் பணம் கேட்கும் விண்ணப்பத்தில், ஒரு சொட்டும் போவதில்லை என்பதற்கு ஆதாரம்.

திங்கட்கிழமை திட்டத்தின் உதவிப் பொறியாளர் சஜி சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதையானவர். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து, மலையாளம் கலந்த தமிழில் தொடங்கினார்.

"மோளோட கட்டுரை வாயிச்சேன் சாரே. அசலாயிட்டுண்டு, ரொம்ப நல்லாருக்கு. ஒரு சம்சயம் மாத்திரம். இது சத்தியமாணெங்கில் உங்க தெருவுக்கு ஃபண்டு எதுக்கா?"

"அது சின்னப் பிள்ள எழுதினதுல்லா சார்" என்றார் அப்பா.

"சின்னப் பிள்ளையா? நீங்க அடியில ஒப்பு இட்டிருக்கீங்க, சீல் வச்சிருக்கீங்க. 'சங்கம் இதை உறுதி செய்கிறது'ன்னு எழுதியும் வச்சிருக்கீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சஜி சார் சொன்னதன் சாரம்: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அதற்கு முன், வியாழன் மாலை ஐந்தரைக்குள், பதினெட்டு வீட்டாரும் தங்கள் கழிவு ஆற்றுக்குப் போகிறது என்று அவரவர் கையால் எழுதிக் கொடுத்தால் அபராதம் கிடையாது, நிதி கிடைக்கும். இல்லாவிட்டால் பணம் அடுத்த வார்டுக்குப் போகும். என் கட்டுரை இதழில் வெளிவந்தால், தணிக்கைக்காரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள் என்பதால் அதையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சாயம் ஊற்றி எங்கே வெளிவருகிறது என்று சோதித்துவிடலாமே என்று நான் கேட்டேன். புத்தகத்தில் படித்திருந்தேன். "சோதிக்கலாம் மோளே. அதுக்கு வேற ஃபண்டு வேணும்" என்றார்.

அவர் போனதும் நான் அப்பாவிடம், "நம்ம டேங்க் எங்க இருக்குப்பா?" என்று கேட்டேன்.

"பின்னால."

"பின்னால எங்க?"

"ஏட்டி, பின்னாலன்னா பின்னாலதான். துணி தொவைக்கிற கல்லுக்கு அடியில."

சாலைக் கடைத்தெருவிலிருந்து இரண்டு சுமைதூக்கும் தொழிலாளிகளை அழைத்து வந்து கல்லை நகர்த்தினோம். அடியில் சிவப்பு எறும்புப் புற்றும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருந்தன. அப்பா, அப்படியானால் கிணற்றுக்கு மேற்கே என்றார். மேற்கே பாறை. குளியலறைத் தரைக்கு அடியில் என்றார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். "நான் வாக்கப்பட்டு வந்து பதினேழு வருசமாச்சு. ஒரு நாளாவது டேங்க் நெறஞ்சுட்டுன்னு லாரி வந்திருக்கா? அப்பம் இத்தற வருசம் போனதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சிய?" அப்பா அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டு நின்றார். மூன்று முறை கழுவினார்.

ஆசிரியர் ஐயா, இதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை பள்ளியில் நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கடிதத்தின் அவசரம் புரியும். என் வகுப்புத் தோழி ஷிஜாவின் வீடு கிள்ளிப்பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறது. போன துலாம் மாத, அதாவது ஐப்பசி, மழையில் ஆறு அவர்கள் வீட்டுக்குள் வந்தது. அதன்பிறகு அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து அரையாண்டுத் தேர்வே எழுதவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் என் கட்டுரையை நானே மலையாளத்தில் வாசித்துக் காட்டினேன். அவள் கைதட்டவில்லை. "அப்போ எங்க வீட்டுக்குள்ள வந்தது ஆரோடதா, கௌசி?" என்று மட்டும் கேட்டாள். என்மேல் கோபப்படாமல் கேட்டாள். அடுத்த பாடவேளை கணக்கு. நான் ஒரு கணக்கும் போடவில்லை.

நேற்று சங்கக் கூட்டம். பதினெட்டு வீட்டுப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். அப்பா நிலைமையை விளக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவத்தைக் கொடுத்து, உண்மையை எழுதித் தாருங்கள் என்றார். ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை. பெருங்காய மொத்த வியாபாரி தளவாய் மாமாதான் முதலில் பேசினார். "வேய் தாணு, அடுத்த மாசம் எனக்க மகள பொண்ணு பாக்க வாராவ. இன்னாரு வீட்டுது ஆத்துல போவுதுன்னு கவர்மென்ட் பேப்பர்ல இருந்தா, எவன்வே சம்மந்தம் பண்ணுவான்?"

"மாப்பிள்ள வீட்டுது எங்க போவுதுன்னு அவ்வொளுக்கு மொதல்ல தெரியுமாவே?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. தளவாய் மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் எண் வீட்டுப் பார்வதியம்மாள் பெரியம்மா எழுந்தார். "நான் ஆடி அமாவாசைக்கு வருசா வருசம் அந்த ஆத்துல தண்ணியில நின்னுட்டுத்தான் எங்க வீட்டு ஆளுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சுப் பலி போடுதேன். அதுலயே நான் இதையும் விடுதேன்னு எனக்க கையால எழுதணுமா? செத்த மனுசன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"மயினி, எழுதாட்டியும் போவத்தானே செய்யுது?" என்றார் அப்பா.

"போவுதது வேற, எழுதுதது வேற" என்றார் பெரியம்மா. பதினேழு தலைகள் ஆடின.

செயலாளர் முதலில் எழுதட்டும் என்றார்கள். அப்பா பேனாவைத் திறந்தார். படிவத்தில் கதவு எண் ஒன்பது என்று எழுதினார், பெயரை எழுதினார், தகப்பனார் பெயரை எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. எல்லோரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு ஆலோசிச்சு எழுதுவோம்" என்று அப்பா மூடிவிட்டார். அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும். நேற்று பிடிக்கவில்லை.

இப்போது மணி நாலே முக்கால். கோயிலுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் சஜி சார் வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா படிவங்களை எடுத்துக்கொண்டு மூன்றாவது முறையாக வீடு வீடாகப் போகிறார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அவர் வருவதைக் கண்டதும் எதிர்வரிசையில் இரண்டு வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள். ஒருவர் இல்லாத கைபேசியைக் காதில் வைத்துப் பேசுவது போல் கையைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறார்.

ஆகவே, பெரியவர்கள் ஒருவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். ஆரியசாலை, கதவு எண் ஒன்பது, எங்கள் வீட்டுக்கு செப்டிக் டேங்க் இல்லை. எங்கள் வீட்டுக் கழிவுநீர் பின்பக்க ஓடை வழியாகக் கிள்ளியாற்றுக்குப் போகிறது. நானே பார்த்தேன். கட்டுரை போக வேண்டிய பக்கத்தில் இந்தக் கடிதத்தை என் பெயருடனும் முகவரியுடனும் அச்சிடும்படி வேண்டுகிறேன். பரிசாகத் தாங்கள் அனுப்பிய அகராதியைத் திருப்பி அனுப்புகிறேன். 'ச' வரை படித்துவிட்டேன்; தாளில் மடிப்பு எதுவும் விழவில்லை.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் என் பெற்றோரின் அன்பான விசாரிப்புகள். பிழையான கட்டுரைகளை இனங்காணும் கூர்மையைத் தங்கள் நடுவர்களுக்கு இறைவன் அருள்வானாக.

இப்படிக்கு,
உண்மையுள்ள வாசகி,
தா. கௌசல்யா.

பின்குறிப்பு: மணி ஆறு. கடிதத்தைப் படம் எடுப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். பதினெட்டுப் படிவங்களும் பூர்த்தியாகிவிட்டன. ஐந்து மணிக்குப் பார்வதியம்மாள் பெரியம்மாதான் முதலில் எழுதினாராம். ஆனால் 'உங்கள் வீடு' என்ற இடத்தில் செப்டிக் டேங்க் என்றே எழுதிவிட்டு, அடியில் 'வேறு தகவல்' என்ற கட்டத்தில், 'என் வீடு ஒழிய மற்ற பதினேழு வீட்டுக் கழிவும் ஆற்றுக்குத்தான் போகிறது, என் கண்ணால் கண்டது' என்று கதவு எண்களோடு எழுதினாராம். அதைத் தளவாய் மாமா எட்டிப் பார்த்துவிட்டார். "அவ்வொ எழுதினா நான் சும்ம இருப்பனா?" என்று அவரும் தன் வீட்டை விட்டுவிட்டு மற்ற பதினேழையும் எழுதினார். அதன்பிறகு பேனா கிடைக்காமல் சண்டையாம். இருபது நிமிடத்தில் தெரு முழுவதும் எழுதி முடித்துவிட்டது. தெருவின் நன்மைக்காக இணைப்புக்குச் சம்மதம் என்றும் எல்லோரும் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார்கள். சஜி சார் பதினெட்டையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "ஓரோ வீட்டுக்கும் பதினேழு சாட்சி. கோர்ட்டில கூட இத்தற கிட்டாது சாரே. நாளைக்குப் பாஸாகும்" என்று சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்.

கட்டுரையை நிறுத்தச் சொன்னது சஜி சாரும்தான், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தக் கடிதத்தை அச்சிட வேண்டாம் என்று தங்களுக்கு எழுதும்படி அப்பா சொல்கிறார். அவருடைய படிவத்திலும் 'கதவு எண் ஒன்பது ஒழிய' என்றுதான் இருக்கிறதாம். இந்தக் கடிதம் வெளிவந்தால் தெருவில் எல்லா வீட்டுக்கும் பதினேழு சாட்சி இருக்க, செயலாளர் வீட்டுக்கு மட்டும் பதினெட்டு ஆகிவிடும், அது அவமானம் என்கிறார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்: அச்சிட வேண்டாம். எழுதிவிட்டேனா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனார்.

வந்த படைப்புகளை வெளியிடுவதில் ஆசிரியரின் முடிவே இறுதியானது, அதுபற்றிக் கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை என்று தங்கள் இதழின் மூன்றாம் பக்கத்தில் மாதாமாதம் போடுகிறீர்கள். நான் அதை நம்புகிறேன்.